பொருத்தமற்றதை வெட்டிவிடுக

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலரை மணி. பிளேன்ரீயில் முதல் மிடறு. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

“சேர், சின்ன வேலை ஒண்டு. ரெண்டே ரெண்டு சொல்லுத்தான். இங்கிலிஷில போட்டுத் தரவேணும். ஆறு மணிக்கு முதல் தந்தியள் எண்டால் பெரிய உதவி.”

முப்பது வருடமாக மொழிபெயர்த்துச் சீவிக்கிறவன் சொல்கிறேன்: இருநூறு பக்க அறிக்கைக்குப் பயப்படத் தேவையில்லை. அதை எழுதினவரே திருப்பி வாசித்திருக்க மாட்டார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நீங்கள் ஒரு வசனத்தை விழுங்கிவிட்டாலும் ஒருவருக்கும் பசிக்காது. ரெண்டு சொல் அப்படியில்லை. ரெண்டு சொல்லுக்குள் ஒளிக்க இடமே கிடையாது.

பேசினது ஓர் அரசசார்பற்ற நிறுவனத்துப் பிள்ளை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம், இன்னும் காசு வரவில்லை.

ஒரு நிமிடத்தில் வட்ஸ்அப்பில் வந்து விழுந்தது:

ஏக்கிய ராஜ்ய/ஒருமித்த நாடு.

பிளேன்ரீயைக் கீழே வைத்தேன். பிறகு அது ஆறி, அதில் எறும்பு விழுந்து, மனுசி வந்து எடுத்துக்கொண்டுபோய் ஊற்றினா. இந்தத் தொடருக்கு நான் ஆறு மணிக்கு என்ன எழுதி அனுப்பினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ரெண்டு சொல் என்றா அந்தப் பிள்ளை. என் கண்ணுக்கு நாலு. கணினியில் ஒட்டிப் பார்த்தேன், மூன்று என்றது. கணினிக்கு இடைவெளிதான் சொல்லின் எல்லை. நடுவில் சாய்கோட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிற ‘ராஜ்ய/ஒருமித்த’ அதற்கு ஒரே சொல். சிங்களத்தின் பின்பாதியையும் தமிழின் முன்பாதியையும் பிடித்து ஒன்றாக்கிவிட்டது. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து ஒரு பிரதமராலும் ஏலாமல் போன காரியம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டுப் பார்த்தேன். ஐந்து. இப்போது கோடே ஒரு சொல்லாக எழும்பி நிற்கிறது. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் இதில் தத்துவம் பார்க்கக்கூடாது. ஐந்து என்றே விலைச்சிட்டை எழுதினேன். அதற்கு ஒரு நிமிடம். மிச்சம் எண்பத்தொன்பது நிமிடமும் அந்த ஐந்தின் நடுச் சொல்லோடு போனது.

தொடரின் சாதகம் உங்களுக்குத் தெரியும். புதிய அரசியலமைப்பு எழுதவென்று பாராளுமன்றம் முழுவதும் அரசியல் நிர்ணய சபையாக மாறி உட்கார்ந்திருந்த காலம். 2017 செப்டெம்பர் 21, வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை. அதற்கு முதல், 1972 அரசியலமைப்பிலும் 1978 அரசியலமைப்பிலும் இரண்டாம் உறுப்புரையில் சிங்களத்தில் ‘ஏக்கிய’, தமிழில் ‘ஒற்றையாட்சி’, ஆங்கிலத்தில் ‘யூனிட்டரி’. மூன்று மொழிக்கும் ஒரே தலையிடி. 2017 அறிக்கை சிங்களச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டது. தமிழ்ச் சொல்லை மாற்றியது. ஆங்கிலச் சொல் இலங்கைக்குப் பொருந்தாது என்று காரணம் எழுதி அதை எடுத்தே விட்டது. ஆங்கில அறிக்கையிலும் இந்த இரண்டு தொடரும்தான், ரோமன் எழுத்தில். கூடவே ஒரு விளக்கம்: பிளவுபடாத, பிளவுபடுத்தவும் முடியாத அரசு.

அதாவது சிங்களத்தில் ஒன்றும் மாறவில்லை, தமிழில் எல்லாம் மாறிவிட்டது, ஆங்கிலத்தில் ஒன்றுமே இல்லை. சிங்கள மேடையில் “இதோ பழைய சொல்” என்று காட்டலாம். தமிழ் மேடையில் “இதோ புதுச் சொல்” என்று காட்டலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

அந்த ஆங்கில அறிக்கையை எழுதினவரை இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன். ‘இதை மொழிபெயர்க்க ஏலாது’ என்று அரசாங்கச் செலவில் அச்சடித்துத் தப்பிய ஒரே ஆள். பிறகு அந்த அரசியலமைப்பு வேலையெல்லாம் படுத்துவிட்டது. செத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 இல் தேசிய மக்கள் சக்தி தன் தேர்தல் விஞ்ஞாபனத்தில் 2015–2019 காலத்து வேலையை முடித்துவைப்போம் என்று எழுதியதும் தொடர் எழும்பிப் பாயில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்ததும் யாரைத் தேடும்? மொழிபெயர்ப்பாளனைத்தான்.

திருப்பி எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். “பிள்ளை, இதை இங்கிலிஷில போட வேண்டாமெண்டு அறிக்கையே சொல்லுது.”

“ஓம் சேர், எங்களுக்கும் தெரியும். ஆனா வெளியில இருந்து வாறவைக்கு விளங்க வேணுமெல்லோ. நீங்கள் சும்மா மீனிங்கைப் போடுங்கோ.”

சும்மா மீனிங்கை.

சரி, மீனிங் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதலில் ‘ஏக்கிய’. ஒற்றுப் போட்டு எழுதினால் காதில் ‘ஐக்கிய’வின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி விழுகிறது. ஐக்கிய என்றால் எங்களுக்கு ஐக்கிய தேசியக் கட்சி, ஐக்கிய நாடுகள் சபை, இன்னும் பல ஏமாற்றங்கள். ஆனால் சிங்களத்தில் அந்தக் கட்சிக்கும் அந்தச் சபைக்கும் வேறு சொல், ‘எக்சத்’. ஆகவே ஐக்கியம் இல்லை. ஒற்றை எடுத்துவிட்டு ‘ஏகிய’ என்று எழுதினால் நல்ல பழந்தமிழ்: போய்விட்ட. ஏகிய ராஜ்யம், போய்ச் சேர்ந்த ராஜ்யம். எடுத்த ஒற்றின் இடத்தில் ஒரு ஙகர ஒற்றை வைத்தால் ‘ஏங்கிய’. போய்ச் சேர்ந்ததை நினைத்து ஏங்கிய ராஜ்யம். ஒரு மெய்யெழுத்தை நகர்த்தி நகர்த்தி எங்கள் வரலாறு முழுவதையும் எழுதிவிடலாம் என்று கண்டுபிடித்ததில் கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது. நேரம் நாலு ஐம்பத்தைந்து.

‘ஒருமித்த’ இன்னும் மோசம். அது தனியாக நடமாடாத சொல். ஒருமித்த கருத்து, ஒருமித்த குரல், ஒருமித்த தீர்மானம். எல்லாரும் உடன்பட்டார்கள் என்று பொருள். அப்படியானால் ஒருமித்த நாடு என்றால்? எல்லாரும் உடன்பட்ட நாடு. ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும் என்று வர்த்தமானியில் போட்டும் பேக்கரிக்காரர் உடன்படாத நாட்டைப் பற்றித்தான் கதைக்கிறோம்.

பழைய ‘ஒற்றையாட்சி’யை எனக்குப் பிடிக்காது, ஆனால் அது நேர்மையான சொல். ஒற்றை என்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு தாள், மற்ற எல்லா ஊரிலும் ஒரு பக்கத் தலையிடி. இரண்டும் பொருந்தும்.

சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை விரித்ததும் நீங்கள் செய்கிறதும் இதுதான். ஓர் அறிக்கை வந்தால் அது என்ன சொல்கிறது என்று எங்கள் வீடுகளில் யார் பார்த்தோம்? ‘வடகிழக்கு’ என்று சேர்த்திருக்கா, ‘வடக்கு, கிழக்கு’ என்று காற்புள்ளி போட்டிருக்கா, ‘வடக்கும் கிழக்கும்’ என்று உம்மையா? 2006 இல் உயர் நீதிமன்றம் இரண்டு மாகாணத்தையும் பிரித்ததற்குப் பிறகு ஒரு காற்புள்ளியைப் பார்த்தால்கூட எங்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது. 1958 இல் ‘தமிழின் நியாயமான பயன்பாடு’ என்று ஒரு சட்டம் வந்தது. நியாயம் எவ்வளவு என்று சொல்லும் ஒழுங்குவிதிகள் வர 1966 ஆகிவிட்டது. கச்சேரியில் கிளாக்கராக இருந்த அப்பா அந்த எட்டு வருடமும் நியாயமாகக் காத்திருந்தார். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம். அரசகரும மொழி சிங்களம் என்றுவிட்டு அடுத்த வரியில் ‘தமிழும்’ என்றார்கள். ஆங்கிலத்தில் சிங்களத்துக்கு ‘த’, தமிழுக்கு ‘ஆன்’. பந்தியில் எல்லாருக்கும் இலை போட்ட பிறகு “தம்பியும் இருக்கட்டும்” என்பார்களே, அந்த உம். அந்த ஓர் உம்மையை வைத்து அப்பா தன் ஓய்வூதிய காலம் முழுவதையும் கதைத்துக் கழித்தார். அவருடைய மகன் நான்.

எங்களுக்கு மட்டும்தான் இந்தக் கொடுமை என்றும் இல்லை. 1967 நவம்பர் 22, பாதுகாப்புச் சபையின் 242 ஆம் தீர்மானம். இஸ்ரேல் பிடித்த இடங்களிலிருந்து விலகவேண்டும். ஆங்கில உரையில் ‘இடங்கள்’ என்பதற்கு முன் ‘த’ இல்லை, ஆகவே எல்லா இடமும் என்று சொல்லவில்லை என்கிறது ஒரு பக்கம். பிரெஞ்சு உரையில் இருக்கிறதே என்கிறது மற்றப் பக்கம். அந்தத் ‘த’வைத் தேடி இன்றைக்கும் அலைகிறார்கள். தமிழில் அப்படி ஓர் உருப்படியே கிடையாது. ‘இடங்களிலிருந்து’ என்று எழுதிவிட்டு நான் சாப்பிடப் போயிருப்பேன்.

சரி, இரண்டு பக்கத்துச் சொல்லையும் எப்படியாவது சமாளிக்கலாம். நடுவில் சாய்ந்து நிற்கிற கோட்டை என்ன செய்வது?

இந்தக் கோட்டை நான் முதலில் அறிந்தது படிவங்களில். திரு/திருமதி/செல்வி. ஆம்/இல்லை. பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பொருத்தமற்றதை வெட்டிவிடுக’. அரசகருமத் தமிழில் எனக்கு மிகப் பிடித்த வசனம் அது. எவ்வளவு மரியாதை, எவ்வளவு கொலைவெறி! இடைக்கால அறிக்கையில் இந்தப் பொடி எழுத்து இல்லை. ஆனால் படிவம் நிரப்பிப் பழகாத ஆள் இந்த நாட்டில் யார்? சொல்லாமலே வெட்டினார்கள். தெற்கில் வலப்பக்கத்தை வெட்டிவிட்டு வாசித்தார்கள். வடக்கில் சிலர் இடப்பக்கத்தை வெட்டிவிட்டு வாசித்தார்கள். வேறு சிலர், வலப்பக்கத்தை ஏற்கெனவே அவர்கள் வெட்டிவிட்டார்கள் என்று காட்டி முழுப் படிவத்தையும் கிழிக்கச் சொன்னார்கள். கொழும்பில் ஹோட்டல்களில் கருத்தரங்கு வைக்கிறவர்கள் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டுக் கோட்டை மாத்திரம் வாசித்தார்கள். அதற்கு இடைவேளையில் கட்லட்டும் கொடுத்தார்கள்.

பிறகு முகவரி. எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு காலத்தில் 21 என்று ஒரு பெரிய வளவு இருந்தது. கிழவர் கண்ணை மூடினார். இப்போது 21/1, 21/2, 21/3, 21/3ஏ. ஒவ்வொரு கோடும் ஒரு வழக்கு. 21/2 க்கும் 21/3 க்கும் நடுவில் ஆளுயர மதில், மதிலில் கண்ணாடித் துண்டு. கொழும்பில் முகவரியில் கோடு இருந்தால் அங்கே சகோதரங்கள் கதைப்பதில்லை என்பது தபால்காரருக்கும் தெரியும். பிளவுபடுத்த முடியாத நாடு என்று எழுத உட்கார்ந்தவர்களுக்கு, உலகத்தில் உள்ள குறியெல்லாம் இருக்க, காணி பிரிக்கிற கோடுதானா கையில் அகப்பட்டது?

நொத்தாரிசுமாரின் கோடு வேறு. ‘மற்றும்/அல்லது’. அப்படி எழுதினால் இரண்டு பக்கத்தாலும் வழக்கு வரும், வழக்கு வந்தால் இரண்டு பக்கத்தாலும் காசு வரும் என்று ஒருவர் எனக்கு வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார். மணமகன் தேவை விளம்பரத்துக் கோடு இன்னொன்று: டொக்டர்/பொறியியலாளர்/வெளிநாடு. அங்கே கோட்டுக்குப் பொருள், எது வந்தாலும் சரி. அரசாங்கக் கடிதத் தலைப்பில் ‘எனது இல.’ ஒரு கோடு, ‘உமது இல.’ இன்னொரு கோடு. அந்தக் கோடுகள் கூடக் கூட உங்கள் கோவை எங்கேயோ ஆழத்தில் புதைகிறது என்று அர்த்தம். சோதனைத் தாளில் 37/100 என்று வந்தால் அதற்குப் பொருள் அப்பாவின் கையிலிருந்த பூவரசம் தடி.

சோதனை ஞாபகம் வந்ததும் கொக்குவிலுக்கு அத்தானைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நேரம் ஐந்து இருபத்தைந்து.

“தம்பி, இது வலு சிம்பிள். மேல ஏக்கிய, கீழ ஒருமித்த. ரெண்டும் ஒரே பெறுமதி எண்டுதானே அவை சொல்லினம்?”

“ஓம்.”

“ஒரே பெறுமதி எண்டால் வெட்டுப்பட்டுப் போம். விடை ஒண்டு. ஏகம்.”

“ஒரே பெறுமதி இல்லையெண்டால்?”

“பின்னம்.”

அத்தான் சிரிக்கவில்லை. கணிதத்தில் பகிடி விடுகிற ஆள் அவர் இல்லை. பின்னம் என்றால் அவருக்குப் பின்னம்தான். அந்தச் சொல்லைக் கேட்டு நெஞ்சைப் பிடித்தது நான். “கீழ சைபர் வந்தால் மட்டும் என்னட்டக் கேளாத” என்றுவிட்டு வைத்துவிட்டார்.

கீழ்வீட்டுக்கு இறங்கினேன். அங்கே இருக்கிற சிங்களப் பெரியவர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், பூவரசுக்கும் பப்பாசிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடுகிறவர். ஏக்கிய என்றால் என்ன என்று கேட்டேன். ஏக்கிய என்றால் ஏக்கிய தானே என்றார். தண்ணீர் என்றால் என்ன என்று கேட்டவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு மரியாதைக்கு, தமிழில் பக்கத்தில் போட்டிருக்கிற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார்.

“அதேதான் என்கிறார்கள்.”

“அப்ப ஏன் ரெண்டு?”

நல்ல மனிதர் என்று சொன்னேனே, அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

மாடிப்படி ஏறும்போது தமிழரசுக் கட்சி நினைவுக்கு வந்தது. அதற்குக் கோடே தேவைப்படவில்லை. 1949 இல் செல்வநாயகம் தொடங்கிய கட்சிக்குத் தமிழில் இலங்கைத் தமிழரசுக் கட்சி என்று பெயர், ஆங்கிலத்தில் பெடரல் பார்ட்டி. ஆங்கிலப் பெயரைக் கேட்டவர் கனடாவை நினைத்தார். தமிழ்ப் பெயரைக் கேட்டவர் யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலியனை நினைத்தார். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் சொல்லக் கேட்டவர் எல்லைக்கல்லை நினைத்தார். ஒரு கட்சி, மூன்று கனவு. யாப்பில் ‘சமஷ்டி’யை எடுத்துவிட்டு ‘இணைப்பாட்சி’ என்று மாற்றினார்கள், ஆகவே பிரிவினை கேட்கிறார்கள் என்று ஒருவர் உயர் நீதிமன்றத்துக்கே போனார். 2017 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது: சமஷ்டி கேட்பது பிரிவினை இல்லை. இரண்டு தமிழ்ச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்க்க ஓர் உயர் நீதிமன்றம், சட்டத்தரணிமார், மூன்று வருடம். எனக்கு எண்பத்தொன்பது நிமிடம். அதிலும் இப்போது இருபது மிச்சம்.

இதில் உண்மையாகவே எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வழிநடத்தல் குழுவின் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மொழி தெரியாதவர்கள் இல்லை. மூன்று மொழியும் தெரிந்தவர்கள், சட்டம் படித்தவர்கள். எந்தச் சொல் எந்தக் காதில் எப்படி விழும் என்று நிறுத்துப் பார்த்துத்தான் வைத்தார்கள். தப்பில்லை, அப்படி வைத்தால்தான் கையெழுத்து விழும் என்றால் வைக்கட்டும். ஆனால் சொல்லை மங்கலாக எழுதினவருக்கு இராஜதந்திரி என்று பெயர். அதையே மங்கலாக மொழிபெயர்த்தவனுக்கு இங்கிலிஷ் தெரியாதவன் என்று பெயர். “இதற்கு என்ன பொருள்?” என்று எழுதினவரிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் தைரியம் வருவதில்லை. என்னிடம் கேட்க மட்டும் பிளேன்ரீ நேரத்தில் வருகிறது. நான் ‘யூனிட்டரி’ என்று போட்டால் யாழ்ப்பாணத்தில் துரோகி. ‘யுனைட்டட்’ என்று போட்டால் மாத்தறையில் பிரிவினைவாதி. கோட்டைப் போட்டு இரண்டையும் எழுதினால் கூலியில் குறைப்பார்கள்.

“ரெண்டு சொல்லுக்கே இவ்வளவு நேரம்?” என்றா மனுசி, புதுப் பிளேன்ரீயோடு வந்து.

“ஐந்து” என்றேன்.

“என்ன ஐஞ்சு?”

விளக்கினேன். கோட்டையும் விளக்கினேன். திரு/திருமதியையும் 21/3ஏயையும் அத்தானின் பின்னத்தையும் விளக்கினேன். நின்று கேட்டுவிட்டு, “எங்கட கலியாண அழைப்பிதழிலயும் ரெண்டு பக்கம் இருந்தது, நடுவில கோடு இல்லை, மடிப்புத்தான்” என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் பிடிபடவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன். ஆறு ஐந்துக்குத் தொலைபேசி.

“சேர், சொறி சேர். மேல இருந்து அந்த வசனத்தையே எடுக்கச் சொல்லிட்டினம். போஸ்டரில இடம் காணாதாம்.”

போய் வட்ஸ்அப்பைப் பார்த்தேன். என் செய்திக்குக் கீழே இரண்டு சரி அடையாளமும் சாம்பலாகவே நின்றன. திறந்துகூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் நீலமாகவில்லை. ஒருவரும் வாசிக்காததை உங்களுக்கு முன்னால் எடுத்து வைக்க எனக்கும் ரோசம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை கொடுப்பனவுப் படிவம் வந்தது. நிரப்பி, கையெழுத்து வைத்து, ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். நேற்றுத் திரும்பி வந்திருக்கிறது. மேலே ‘திரு/திருமதி/செல்வி’யைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில், “சேர், நீங்கள் பொருத்தமற்றதை வெட்டவில்லை.”

கீழே ‘சொற்கள்: 5’ என்பதை அவர்களே வெட்டி, 3 என்று திருத்தியும் இருந்தார்கள்.